கட்டில் திரும்பிய திசை

அத்தியாயம் 7

"சூரியா, இந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்து."

தூபா மேடம் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கட்டிலா அது! பர்மா தேக்கு. நான்கு மூலையிலும் கொசுவலை கட்டுவதற்கு என் தொடை பருமனில் தூண்கள். தலைமாட்டுப் பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் ஒரே திராட்சைக் கொடி, ஒரே உயரம், ஒரே செதுக்கு. ஆம்பூரில் தோல் வியாபாரம் கொழித்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தச்சர்களைக் கூடத்துக்கு உள்ளேயே உட்காரவைத்துச் செய்திருக்க வேண்டும். வாசல் வழியாக அது வந்திருக்க வாய்ப்பே இல்லை.

"மேடம், என் இடுப்புக்கு இன்சூரன்ஸ் கிடையாது."

"நான் முன்னாடி பார்த்த வேலையே இன்சூரன்ஸ் சர்வேயர் வேலைதான். உன் இடுப்புக்கு நான் சர்டிபிகேட் தர்றேன். தள்ளு."

தள்ளினேன். தோளைக் கொடுத்தேன், முதுகைக் கொடுத்தேன், கடைசியில் சுவரில் காலை ஊன்றி மொத்த உடம்பையும் கொடுத்தேன். கட்டில் மயிரிழைகூட அசையவில்லை. என் முதுகில்தான் எதுவோ கடக்கென்றது.

வாசல்பக்கம் நின்றிருந்த ராமமூர்த்தி சிரித்தார். அந்த வீட்டுக்கும் பின்னால் இருக்கும் தோல் மண்டிக்கும் மேனேஜர் அவர்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை, விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும் சாவிக்கொத்து.

"நாலு ஆளு வேணும் சார் அதுக்கு. பேகம்மா கல்யாணத்துக்குப் போட்ட கட்டிலு. அன்னியிலேர்ந்து அது அங்கியேதான் கெடக்குது."

"சரி," என்றார் தூபா மேடம். அவ்வளவுதான்.

கட்டிலின் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரெனிட்டா. வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் எங்கள் துப்பறியும் ஆபீஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அக்கா ஜெபராணிதான் இந்த வீட்டு அக்தரி பேகத்தைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ். பேகம் இடுப்பெலும்பு முறிந்து வேலூரில் ஆபரேஷன் முடிந்து கிடக்கிறார். இன்னும் மயக்கம் தெளியவில்லை. நேற்றுக் காலை அவருக்கு மாற்றுத்துணி எடுக்க ஜெபராணி ஆம்பூருக்கு வந்தாள். வந்தவள் வந்தவள்தான். திரும்பிப் போகவே இல்லை.

மத்தியானம் ராமமூர்த்தி போலீசுக்குப் போன் செய்தார். பேகத்தின் நகைகளைக் காணோம், நர்ஸையும் காணோம் என்று. ஜெபராணியின் கைப்பேசி கடைசியாக உயிரோடு இருந்தது காட்பாடி ஸ்டேஷனில். போலீஸ் இப்போது பெங்களூர் ரயில்களில் தேடிக்கொண்டிருக்கிறது.

"எங்க அக்கா திருடி இல்ல மேடம்," என்று காலையில் ரெனிட்டா சொன்னபோது குரல் நடுங்கவில்லை. "அவ உயிரோட இருந்தா எனக்கு ஒரு போனாவது பண்ணியிருப்பா. பண்ணல. அதான் எனக்குப் பயமா இருக்குது." அதைச் சொல்லும்போதுதான் நடுங்கியது.

ஆக, நாங்கள் தேடி வந்தது நகையை அல்ல. ஒரு பெண்ணை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது ஒன்றுதான் கேள்வி. பயம் வந்தால் எனக்கு வாய் ஜாஸ்தியாகிவிடும். இன்றைக்குக் காலையிலிருந்து நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

தூபா மேடம் கட்டிலைச் சுற்றி வந்தார். மெத்தை சுருக்கமில்லாமல் கிடந்தது. ஜன்னல் பக்கம் இரண்டு தலையணைகள். எதிர்ப்பக்கம், சுவரை ஒட்டி, மடித்துவைத்த போர்வை.

"பேகம் எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்க சார்?"

ராமமூர்த்தி தலையணையைக் கைகாட்டினார். "அதான் இருக்குதே மேடம். ஜன்னல் பக்கம்."

"எப்பவுமே?"

"எப்பவுமே. செக்குல கையெழுத்து, மாத்திரை, அது இதுன்னு தெனம் வந்து போறேன் இல்ல? அப்டித்தான் படுப்பாங்க."

தூபா மேடம் தலையாட்டினார். நானும் அவரிடம் சில வருஷம் குப்பை கொட்டியவன். பொய் சொல்பவர்களிடம் மட்டும்தான் அவர் அத்தனை மரியாதையாகத் தலையாட்டுவார். ஆனால் இதில் என்ன பொய் இருக்க முடியும்? தலையணை இருக்கிற பக்கம்தானே தலை?

திடீரென்று அவர் முட்டி போட்டு, சிவப்புச் சிமென்ட் தரையில் கன்னத்தைப் பதித்தார்.

"மேடம், தூக்கம் வந்தா கட்டில் மேலயே..."

"சூரியா, இங்க வந்து படு."

படுத்தேன். தரையோடு தரையாகக் கண்ணை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. தரை முழுக்க மங்கலாக இருந்தது. ஒரே ஒரு பட்டை மட்டும் எண்ணெய் தடவித் தேய்த்தது போல மின்னியது. கட்டில் காலில் தொடங்கி, கூடத்தின் நடுவே போய், பெரிசாக ஒரு வளைவு எடுத்து, மறுபடியும் கட்டில் காலிலேயே வந்து முடிந்தது.

"யாரோ தரை துடைச்சிருக்காங்க," என்றேன்.

"வட்டமடிச்சா துடைப்பாங்க? உங்க வீட்ல நீ எப்படித் துடைப்பே?"

"எங்க வீட்ல துடைக்கிறதே இல்ல மேடம்."

ராமமூர்த்தியின் விரலில் சாவிக்கொத்து சுற்றுவது நின்றிருந்தது. "மேடம், சீக்கிரம் முடிச்சிக்கங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும், வூட்டைப் பூட்டணும்," என்றார். அப்போது அவருடைய போன் அடித்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல் வராந்தாவுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தூபா மேடத்தின் குரல் மாறியது. "இந்தக் கட்டில் நகர்ந்திருக்கு. ஒரே ஆள் நகர்த்தியிருக்கான். தரையில ஒரு கீறல் இல்ல. எப்படி?"

"சோப்பு போட்டு வழுக்க விட்டிருப்பான்."

"அப்போ தரையில வழவழன்னு கறை நிக்கும், வாசனை நிக்கும்."

"அடியில உருட்டுக் கட்டை?"

"உருட்டுக் கட்டை நேராப் போகும். இப்படி வளையாது."

"சாக்கு? பழைய போர்வை?"

"இந்த வெயிட்டுக்குப் போர்வை கிழிஞ்சு நார் நாராத் தொங்கும். ஆம்பூர்ல பீரோ நகர்த்தறதுக்கு இன்னா பண்ணுவாங்கன்னு யோசி."

"நான் அரக்கோணம் மேடம். எங்க ஊர்ல ரயிலைத் தவிர எதுவும் நகராது."

அவர் கட்டில் காலின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார். குட்டை குட்டையாய், செம்பழுப்பு நிறத்தில் நாலைந்து முடி.

"பூனையா?"

"மாடு," என்றார் தூபா மேடம். "ரெனிட்டா, நீ இங்கயே நில்லும்மா. அவர் வந்து இன்னா சொன்னாலும் இந்த ரூமை விட்டு வெளிய போகாதே. கத்தணும்னா கத்து."

ரெனிட்டா தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கொல்லையைத் தாண்டினால் தோல் மண்டி. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது வாசனையே இல்லை. எனக்கு இன்னும் பழகவில்லை. ஒரு பக்கம் ஆட்டுத்தோல் கட்டுகள். இன்னொரு பக்கம் முடியோடு பதம் பண்ணிய முழு மாட்டுத்தோல்கள், வெளிநாட்டுக்காரன் வீட்டில் தரைவிரிப்பாகப் போடுவதற்கு. எல்லாம் ஒழுங்காக விரித்து அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் அவசரமாகச் சுருட்டி மூலையில் கிடந்தது.

தூபா மேடம் அதை உருட்டி விரித்தார். உட்புறத்தில் நான்கு மூலையிலும் நான்கு அழுத்தமான குழி. கட்டில் கால் அளவுக்கு.

"பார்த்தியா? இங்க கனமான சாமானை நகர்த்தணும்னா இதான் வழி. முடி கீழ, தோல் மேல. அதுமேல சாமானை ஏத்திட்டு இழுத்தா வண்டி மாதிரி போகும். கடப்பாரையை முட்டுக் கொடுத்து முதல்ல ஒரு பக்கம் தூக்கி பாதித் தோலைச் சொருகணும். அப்புறம் அந்தப் பக்கம் தூக்கி மீதியை விரிச்சுக்கணும். ஒரு ஆள் போதும். முடி கீழ இருக்கிறதால தரையும் கீறாது."

"அப்படின்னா யார் வேணா நகர்த்தியிருக்கலாம்."

"அதான் இல்ல. ஏறி உட்கார்."

"எங்க?"

"தோல் மேல. நீதான் கட்டில்."

மறுத்துப் பேச நேரமில்லை. தோலை முடி கீழாகப் புரட்டிப் போட்டார். சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவர் கழுத்துப் பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். சர்ரென்று கதவு வரைக்கும் போய்விட்டேன். என்னை ஒரு பெண்பிள்ளை இத்தனை சுலபமாக இழுத்துப் போனது அதுதான் முதல் தடவை.

"இப்ப திரும்பி வா பார்க்கலாம்," என்று வால் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். தோல் தரையைக் கவ்விக்கொண்டது. இன்னொரு தடவை முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தார். நான் மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம், தோல் வரவில்லை.

"முடி கழுத்துலேர்ந்து வால் பக்கமாப் படிஞ்சிருக்கும்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "கழுத்துப் பக்கம் இழுத்தா முடி படிஞ்சு வழுக்கும். வால் பக்கம் இழுத்தா ஒவ்வொரு முடியும் தரையில குத்தி நிக்கும். ஆபீஸ்ல உட்கார்ந்து மண்டியைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாது. தோலைத் தரையில போட்டு இழுத்தவனுக்குத்தான் தெரியும். நம்மாளு கட்டிலை வெளிய இழுத்துட்டான். திருப்பித் தள்ளப் பார்த்தான். போகல."

"அப்போ தோலைத் திருப்பிப் போட்டிருக்கலாமே?"

"நாலு காலும் தோல் மேல நிக்குது. மறுபடியும் கட்டிலைத் தூக்கி, உருவி, திருப்பி, சொருகணும். அதுக்கு நிதானம் வேணும். அவன்கிட்ட அந்த நிமிஷம் நிதானம் இல்ல. அதனால முன்பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போய், பஸ் திரும்புற மாதிரி கூடத்துல ஒரு வளைவு எடுத்து, சுத்திக் கொண்டாந்து பழைய இடத்துல நிறுத்திட்டான். அதான் தரையில அந்த வட்டம்."

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. "அப்போ கட்டில் இப்போ தலைகீழா நிக்குது."

"ரெண்டு பக்கமும் ஒரே பலகை. அவனுக்கு வித்தியாசம் தெரியல. படுக்கையை வேற கலைக்காம அப்படியே விட்டுட்டான், யாரும் தொடாத மாதிரி இருக்கட்டும்னு. தலையணை கட்டிலோட சேர்ந்து சுத்தி ஜன்னல் பக்கம் வந்துடுச்சு. கிழக்குப் பக்கம்."

"வந்தா இன்னா மேடம்?"

தூபா மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. என் மேல் அல்ல.

"தலை கிழக்குன்னா கால் எந்தப் பக்கம்? மேற்கு. கிப்லா பக்கம். நாங்க அஞ்சு வேளையும் எந்தத் திசையைப் பார்த்துத் தொழுறோமோ அந்தப் பக்கம். எங்க வீட்ல குழந்தை தெரியாம அப்படிப் படுத்தாக்கூட தூக்கித் திருப்பிப் போடுவோம். அக்தரி பேகம் சாகக் கெடந்தாலும் அந்தப் பக்கம் காலை நீட்ட மாட்டாங்க. நான் ரூமுக்குள்ள காலை வெச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த ஆளு எப்பவுமே அப்படித்தான்னு சொன்னப்போ தெரிஞ்சு போச்சு."

"சரி, கட்டிலை இழுத்தான், திருப்பி வெச்சான். எதுக்கு?"

"கட்டிலுக்குக் கீழ இருக்கிறதுக்காக," என்றார் அவர். "முதல்ல அதைத் தொறக்கணும். அப்புறம் அதை மறைக்கணும்."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து ரெனிட்டா கத்தினாள்.

தோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அது என்ன கனம், என்ன நாற்றம்! மேடம் கொல்லைச் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை உருவிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். உள்ளே ராமமூர்த்தி ரெனிட்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு கையால் கட்டில் தூணைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாள்.

"கையை எடுங்க," என்றார் தூபா மேடம்.

"பின்ன இன்னா மேடம்? பூட்டணும்னு சொன்னா இந்தப் பொண்ணு பேஜார் பண்ணுது. அக்கா ஓடிப்போய்ட்டான்னு ஊருக்கே தெரியும், இவ இங்க வந்து..." பேசிக்கொண்டே திரும்பியவர் என் தோளில் இருந்ததைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது.

"சூரியா, தோலைக் கூடத்து நடுவுல விரி. முடி கீழ. கழுத்து வாசல் பக்கம்."

விரித்தேன்.

"ராமமூர்த்தி சார், இத்தனை வருஷம் ஒரு முஸ்லிம் வீட்ல வேலை பார்த்திருக்கீங்க. கிப்லா எந்தப் பக்கம்னு சொல்லுங்க பார்க்கலாம்."

அவர் பேயறைந்தது போல நின்றார். கண் மட்டும் கட்டிலைப் பார்த்தது, தலையணையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது. கணக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சாவிக்கொத்தை என் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வாசலைப் பார்த்து ஒரே ஓட்டம்.

குறுக்கே தோல் இருந்தது. அதைத் தாண்டியிருக்கலாம். அவசரத்தில் மிதித்தார். கால் தோலோடு வாசல் பக்கம் போனது, உடம்பு இந்தப் பக்கமே தங்கிவிட்டது. இடுப்பு தரையில் மோதிய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஐயோ அம்மா என்று அலறினார். அவரைப் பிடித்துக் கட்டும் வேலை எனக்கு மிச்சமானது.

"நல்ல ஆஸ்பத்திரியா பார்த்து சேர்க்கிறோம் சார்," என்றேன். "பேகம்மாவுக்குப் பக்கத்து பெட்டு காலியா இருக்கும்."

"வாயை மூடிக்கிட்டுக் கடப்பாரையைப் பிடி!" என்றார் மேடம். "ரெனிட்டா, போலீசுக்குப் போன் போடு. அப்படியே ஆம்புலன்சுக்கும்."

கட்டிலின் ஜன்னல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் கடப்பாரையை முட்டுக் கொடுத்து என் எடை மொத்தத்தையும் அதன் மேல் போட்டேன். கட்டில் முனகிக்கொண்டு ஒரு விரல் உயரம் எழுந்தது. மேடம் தோலைச் சொருகினார். அடுத்த பக்கம் ஓடினேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து மறுபடி முட்டு, மறுபடி எடை. ரெனிட்டா போனை வீசிவிட்டு வந்து கட்டிலுக்கு அடியில் புகுந்து தோலைப் பிடித்து இழுத்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. நான்கு கால்களும் தோலில் ஏறியதும் அவள் கழுத்துப் பக்கத்தை இரண்டு கைகளாலும் பற்றினாள்.

"இரும்மா, நானும் வர்றேன்," என்பதற்குள் அவள் இழுத்துவிட்டாள். என் முதுகை முறித்த கட்டில் அந்த ஒல்லிப் பெண்ணின் பின்னாலேயே போனது. சத்தம்கூட இல்லை.

கட்டில் இருந்த இடத்தில், சிவப்புத் தரைக்கு நடுவே, சதுரமாக ஒரு மரக்கதவு. இரும்புப் பட்டை அடித்தது. பலகைகளின் இடுக்கில் என் விரல் நுனி நுழையுமளவுக்குச் சந்து. நடுவில் ஒரு வளையம்.

ரெனிட்டா வளையத்தைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். கடப்பாரையால் நெம்பினேன். மரம் சிராய்த்ததே தவிரக் கதவு அசையவில்லை.

"பூட்டு எங்க?" என்று கத்தினேன். "பூட்டே காணோமே!"

தரையில் கிடந்த ராமமூர்த்தி வலியோடு சிரித்தார். கேட்கவே அசிங்கமாக இருந்தது.

"தெறக்காது சார். நேத்து காலைல பூரா நான் பார்த்துட்டேன். அவதான் உள்ளேர்ந்து தாழ்ப்பா போட்டுக்கினா."

ரெனிட்டா வளையத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் காலத்துல கொள்ளைக்காரங்க வந்தா பொம்பளைங்க இதுல எறங்கித் தாழ்ப்பா போட்டுக்குவாங்களாம். நகைப்பெட்டி உள்ளதான். நான் கதவைத் தெறந்து வெச்சிட்டு எறங்கப்போற நேரத்துல அவ துணி எடுக்க வந்து நின்னா. வாசல்ல நான் மறிச்சேன். என்னைத் தாண்டி அவளால போவ முடியல. குழிக்குள்ள குதிச்சிட்டா. குதிச்சி உள்ள போட்டுக்கினா. கெஞ்சினேன், மெரட்டினேன். போலீசு வந்திருக்குதுன்னு கொரல மாத்திச் சொன்னேன். உன் தங்கச்சி அனுப்பிச்சான்னு சொன்னேன். நம்பவே இல்ல."

"கட்டிலைத் திருப்பிப் போட்டு மூடிட்டு, அவ மேலயே விட்ட பையையும் போனையும் காட்பாடியில கொண்டு போட்டுட்டே," என்றார் தூபா மேடம். "அவ தாகத்துல அடங்கட்டும்னு காத்திருந்தே."

ராமமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் சத்தமே இல்ல," என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆக, நகை ஒன்றுகூடத் திருடு போகவில்லை. திருடி என்று பெயர் வாங்கியவள்தான் அதற்குக் காவலாக உள்ளே கிடக்கிறாள்.

"ஜெபராணி!" மேடம் கதவைத் தட்டினார். "நான் தூபா. உன் தங்கச்சி கூப்பிட்டு வந்திருக்கேன். பயப்படாம தொற."

பதில் இல்லை. அவளுக்கு இது நேற்றுக் கேட்ட அதே பேச்சுதான் என்பது எனக்கு உறைத்தது. போலீஸ் என்றாலும் நம்பமாட்டாள், தங்கச்சி என்றாலும் நம்பமாட்டாள். நாங்கள் கட்டிலை இழுத்ததும், கடப்பாரையால் நெம்பியதும், ராமமூர்த்தி அலறியதும் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? அதுவும் காதில் விழும் நிலைமையில் இருந்தால்.

ரெனிட்டா தரையில் குப்புறப் படுத்து, பலகைச் சந்தில் வாயை வைத்தாள்.

"அக்கா. நான்தான்க்கா. ரெனிட்டா."

ஒன்றுமில்லை.

"அக்கா, தொறக்கா. அவன் விழுந்து கெடக்கான். உன்னை ஒண்ணும் பண்ண முடியாது."

ஒன்றுமில்லை. அவள் காதைச் சந்தில் வைத்துக் கேட்டாள். எங்களைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடப்பாரையை மறுபடியும் எடுத்தேன். எங்கே குத்துவது, குத்தினால் கீழே யார் தலையில் விழும், எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் ரெனிட்டாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. இரண்டு கைகளாலும் கதவைக் குத்தினாள்.

"ஏன்க்கா, உனக்கு அறிவிருக்கா? முந்தாநாள் மாவை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெக்க வேண்டியது யாரு? நீ! வெச்சியா? வெக்கல! பொங்கி அடுப்பு பூரா வழிஞ்சி, வூடே புளிச்சி நாறுது. யாரு தொடச்சது? நானு! கேஸ் புக் பண்றதும் நானு, தண்ணி கேன் தூக்கறதும் நானு, எல்லாத்தையும் எம்மேல போட்டுட்டு நீ பாட்டுக்கு இங்க வந்து குழிக்குள்ள படுத்துக்கினியா? எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன், மாவு எடுத்து வெக்கறது உன் முறை, உன் முறைன்னு! உனக்கு ஒரு வாட்டியாவது..."

குரல் உடைந்து நின்றுவிட்டது. நெற்றியைப் பலகையில் முட்டிக்கொண்டு விசும்பினாள். மேடம் அவள் முதுகில் கை வைத்தார். நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

அடியில் எதுவோ உரசியது.

ரெனிட்டா காதைப் பலகையில் வைத்தாள். மறுபடியும் உரசல். பிறகு, காய்ந்த தொண்டையிலிருந்து, கேட்டும் கேட்காமலும் ஒரு குரல் பலகைச் சந்து வழியாக வந்தது.

"முந்தாநாள்... உன் முறைடி."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.